தலை சாய்த்த சுவர்

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் நான் ஸ்டுடியோ வைத்திருந்தபோது, என்னிடம் படம் எடுத்துக்கொண்ட பாட்டுக்காரர்கள், மேளக்காரர்கள் முகத்திலெல்லாம் ஏதாவது ஒன்று படிந்திருக்கும். சாக்குப் பையின் நெசவு, வெடித்த குளத்து மண், தென்னை மட்டையின் நார், வெயிலில் உரிந்த கதவுப் பெயிண்ட். அழுக்கைப் படம் எடுக்கிறவன் என்று மற்ற ஸ்டுடியோக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அதில் பெருமைதான். மாப்பிள்ளையின் உள்ளங்கைக்குள் பெண்ணை நிற்க வைத்து ஆல்பம் போடுகிறவர்களுக்கு என் வேலை எங்கே புரியப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். அதே உள்ளங்கைப் படங்களை எடுத்துத்தான் நானும் வயிறு வளர்த்தேன் என்பது அந்த நேரத்தில் மட்டும் மறந்துபோகும்.

இதை ஆரம்பித்து வைத்தவர் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். படம் எடுத்துக் கொடுத்தால், "ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்குதுங்க, கேசட்டு கவர்ல வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சாக்கைப் படம் எடுத்து, அந்த நெகடிவையும் அவர் முக நெகடிவையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படம் பெரிதாக்கும் என்லார்ஜரில் வைத்து, இரண்டின் வழியாகவும் ஒரே பேப்பரில் வெளிச்சம் விட்டேன். அவர் முகம் சாக்கிலிருந்து எழுந்து வருவதுபோல வந்தது. சாதாரண ஆளுக்கு இப்படிச் செய்தால் சொறி வந்தவன்போல இருப்பான். வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் அது ஏனோ பொருந்தியது. அதன் பிறகு குழுக்காரர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் வர ஆரம்பித்தார்கள்.

எனக்கு வெறி பிடித்துக்கொண்டது. ஈரோட்டுக்குக் கல்யாணம் எடுக்கப் போனால் மஞ்சள் மண்டியில் மூட்டைகளைப் படம் எடுப்பேன். பொள்ளாச்சிக்குப் போனால் களத்தில் காயும் கொப்பரை. என் மனைவி, "ஊருல இருக்கற அழுக்கெல்லாம் படம் புடிச்சுட்டு வாரீங்க, என்னையும் புள்ளையவும் ஒரு படம் எடுக்கறதுக்குத்தான் உங்களுக்கு நேரமில்லைங்க" என்பாள். சொல்வது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் கோபம் வரும். கோபம் வந்தால் டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். எனக்கு அது ஒரு வசதி.

அந்தச் சமயத்தில் ஒரு நாதஸ்வர செட்டார் தங்கள் பெயரில் காலண்டர் அடிப்பதற்காக வந்தார்கள். நான்கு பேர். நாதஸ்வரமும் தவில்கள் இரண்டும் நேரில் வந்து உட்கார்ந்துவிட்டன. கிளாரினெட் வாசிப்பவர் மட்டும் வரவில்லை. "அவரு எங்கயும் கெளம்பறதில்லீங்க, முகூர்த்தத்துக்கு மட்டும் வருவாரு. நீங்களே ஒரு எட்டு போய் எடுத்துப்போடுங்க" என்றார் நாதஸ்வரக்காரர். அலுத்துக்கொண்டே போனேன்.

மில்லுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் லைன் வீடுகளில் ஒன்று. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோதும் ஷிப்டை மாற்றிக்கொண்டு கல்யாணங்களுக்கு வாசித்தவர். அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், பஞ்சுத் தூசி கொடுத்த இருமல். இரண்டு மகன்கள். மூத்தவனும் மருமகளும் அவரோடு இருந்தார்கள். மனைவி இறந்து ஆறேழு மாதம் என்று மருமகள் தண்ணீர் கொடுக்கும்போது சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் அப்படித்தான் இருந்தேன்.

வாசற்கதவு ஒன்றுதான் வெளிச்சத்துக்கு வழி. ஒரு பக்கக் கதவைச் சாத்தச் சொல்லி, அவரை அறையின் நடுவில் ஸ்டூலில் உட்கார வைத்து, நான் வாசலில் நின்றுகொண்டேன். கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு லென்சை நேராகப் பார்த்தார். இமைக்கவே இல்லை. இரண்டு முறை அழுத்தினேன். பிறகு வெள்ளைச் சட்டை ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு வரட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்த இடைவெளியில்தான் சுவரைப் பார்த்தேன். நீலம் கலந்த சுண்ணாம்பு, அடித்து வெகு நாளாகிவிட்டதால் மேகம் மேகமாகக் கலைந்திருந்தது. தரையில் உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில் கருமையாக ஒரு வட்டம். அதற்குக் கீழே ஒட்டினாற்போல் சின்னதாக இன்னொரு வட்டம். ஓரங்கள் நைந்து, நடுவில் மினுமினுப்பு. எவ்வளவு தேடினாலும் கிடைக்காத டெக்ஸ்சர். யாரையும் கேட்கவில்லை. சுவரை எடுப்பதற்கு யாரிடம் கேட்பது? குனிந்து ஒரே ஒரு படம் எடுத்தேன். அவர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். அதிலும் இரண்டு எடுத்தேன். ஆனால் மனசெல்லாம் சுவரிலேயே இருந்தது.

முதலில் அவர் படத்திலேயே அதை வைத்துப் பார்த்தேன். அவருடைய தலை அந்தப் பெரிய வட்டத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அதுவரை நான் செய்ததிலேயே நல்ல படம் அதுதான். இன்றைக்கும் அதில் சந்தேகமில்லை. ஒன்றைப் பெரிதாகப் போட்டு ஷோகேசில் மாட்டினேன். அவருக்குச் சேர வேண்டிய பிரதியை வாங்கிக்கொள்ள அவரே வந்தார். வெகு நேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது எங்கூட்டுச் செவுருங்களா?"

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். "ஆமாங்கய்யா. பார்க்க நல்லா இருந்துச்சுங்க, அதான்..." என்று இழுத்தேன். அவர் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டவில்லையே என்று நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு அந்தச் சுவரை வஞ்சனையில்லாமல் உபயோகித்தேன். தபலாக்காரர், புல்லாங்குழல்காரர், பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதியவர், கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் அந்தச் சுவருக்குள் போய் வந்தார்கள். ஒரு மெல்லிசைப் பாடகிதான் சண்டைக்கு வந்தாள். "என்னங்க இது, கன்னத்துல தேமல் வந்தாப்பல இருக்குது. எனக்கு இன்னும் கல்யாணமாகலைங்க" என்று படத்தை மேஜையில் போட்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. நெகடிவில் அந்த வட்டங்கள் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அதனால்தான் படத்தில் கருமையாக விழுகின்றன. ரீடச்சிங் செய்யும் சிவப்புச் சாயத்தைத் தூரிகையில் தொட்டு, இரண்டு வட்டங்களின் மேலும் அடுக்கடுக்காகப் பூசினேன். வட்டங்கள் போய்விட்டன. மேகமேகமான சுண்ணாம்பு மட்டும் நின்றது. பாடகிக்குத் திருப்தி. எனக்கும் அதற்குப் பிறகு யாரோடும் சண்டை வரவில்லை.

அடுத்த வருஷம் சித்திரை வெயிலில் கிளாரினெட்காரர் கடைக்குள் வந்தார். கையில் வாத்தியப் பெட்டி. சட்டையெல்லாம் வியர்வை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, அந்தச் செவுரு உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"எந்தச் செவுருங்கய்யா?"

"எங்கூட்டுச் செவுருதானுங்க. சின்னவனுக்குப் பொண்ணு பார்க்கறமுங்க. ஊடு நல்லா இருக்கோணும்னு பசங்க பெயிண்டு அடிச்சுப்போட்டாங்க. நான் ஈரோட்டுல முகூர்த்தத்துக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தா சுரண்டி, பூசி, பச்சைக் கலர் அடிச்சுப் பளபளன்னு நிக்குது."

நான் புரியாமல் பார்த்தேன். அவருக்கு இருமல் வந்தது. அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்.

"அதுல கருப்பா வட்டமா இருந்துச்சுங்களே, அது என்ற ஊட்டுக்காரி தலை வெச்ச எடமுங்க. கண்ணாலமாகி அந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து அங்கதான் உக்காருவா. நான் ஷிப்டு முடிஞ்சு வந்து வாசிப்பேன். அவ அந்தச் செவுத்துல சாஞ்சுட்டு அரிசி பொறக்குவா, பூக் கட்டுவா, ஒண்ணுமில்லாட்டி சும்மா என்னையே பார்த்துட்டு இருப்பா. தேங்காயெண்ணெய் தாராளமா வெப்பா. வருஷா வருஷம் நோம்பிக்குச் சுண்ணாம்பு அடிப்பமுங்க, ஒரு மாசத்துல மறுபடி மேல வந்துரும். பெருசு தலை. கீழ சின்னது கொண்டை. போன வருஷம் துக்கமுங்களே, அதனால சுண்ணாம்பு அடிக்கலீங்க. அது அப்படியே இருந்துச்சு."

அந்த இரண்டு வட்டங்களை எத்தனை பேர் கன்னத்தில் பூசியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

"அம்மாவோட போட்டோ ஏதாவது இருந்தா குடுங்கய்யா, பெருசு பண்ணித் தாரேன்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டும் என்று.

"அதுதானுங்களே சங்கதி. அவளுக்குப் போட்டோன்னு ஒண்ணு கெடையாதுங்க. எடுத்தா ஆயுசு கொறையும்னு அப்படியொரு பயம். ஓட்டுக் கார்டுக்குப் படம் புடிக்க வந்தன்னிக்குக்கூட பொள்ளாச்சியில தங்கச்சி ஊட்டுக்கு ஓடிப்போயிட்டா." சிரித்தார். "எடுக்காமயே கொறைஞ்சுபோச்சு."

"உங்களுக்குக் குடுத்த படத்துல அந்தச் சுவரு இருக்குதுங்களே?"

"அதுல நான் குறுக்க இருக்கறனுங்களே தம்பி. என்ற தலை அவ மேல உக்காந்திருக்குது. அவ மட்டும் வேணுமுங்க. தலை என்ன அளவு இருந்துச்சோ அதே அளவுல."

என்னிடம் நெகடிவ் இருக்கிறது, நான்கு நாளில் வாருங்கள் என்று சொன்னேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு எப்போதுமே கஞ்சத்தனம் கிடையாது. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெரிய மனிதனாகிவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

பாடகிக்காக நெகடிவில் பூசிய சாயத்தைக் கழுவிவிட்டால் வட்டங்கள் திரும்ப வந்துவிடும். அவ்வளவுதான் வேலை. நிதானமாக, குளிர்ந்த நீரில், மணிக்கணக்கில் ஊறப்போட்டுச் செய்ய வேண்டும். எனக்குப் பொறுமை ஏது? அன்றைக்கே, நடுப்பகலில், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வந்த தண்ணீரில் போட்டேன். கை வைத்தால் சுடும் தண்ணீர். பஞ்சால் லேசாகத் தேய்த்தேன். சாயம் வந்தது. சாயத்தோடு சேர்ந்து, வட்டங்கள் இருந்த இடத்துப் படலமும் வெந்த பால் ஏடுபோலச் சுருண்டு என் விரலோடு வந்துவிட்டது.

விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பெண் ஆயுள் முழுக்கத் தலை சாய்த்து உண்டாக்கியது, சிவப்பும் சாம்பலுமாக ஒரு நகத்தளவு, என் ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டியிருந்தது. அந்த விரலைக் கழுவ வெகு நேரம் மனம் வரவில்லை.

நேரில் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக எனக்கு ஒரு வித்தை தோன்றியது. அவர் முகத்தோடு அந்தச் சுவர் கலந்த படம் ஷோகேசில் இருக்கிறது. சுவரில்லாமல் அவர் முகம் மட்டும் உள்ள நெகடிவும் இருக்கிறது. கலந்ததிலிருந்து முகத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் சுவர்தானே? கலந்த படத்தை மறுபடி படம் எடுத்து ஒரு நெகடிவ் செய்தேன். வெறும் முகத்தை இன்னொரு ஃபிலிமில் நேர்ப்படமாக மாற்றினேன். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று அச்சுப் பிசகாமல் வைத்தால், ஒன்றில் முகம் கருத்திருக்கும் இடத்தில் மற்றதில் வெளுத்திருக்கும். முகம் தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

கேட்பதற்கு எளிது. ஒரு மயிரிழை விலகினாலும் மூக்கு இரண்டாகத் தெரியும். மூன்று நாள் வேறு வேலை பார்க்கவில்லை. மனைவி சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள். சட்டை போயிற்று. வாத்தியம் போயிற்று. நெற்றி, மூக்கு, மோவாய் எல்லாம் சுவருக்குள் கரைந்தன. வட்டங்கள் இரண்டும் மேலே வந்தன, தலையும் கொண்டையுமாக. நான்காம் நாள் காலை கடைசிப் பேப்பரை மருந்தில் போட்டு அசைத்தேன். முதலில் வட்டம் வந்தது. பிறகு சுண்ணாம்பின் மேகங்கள். கடைசியாக, வட்டத்துக்குள் இரண்டு கண்கள் திறந்தன.

என்ன செய்தும் கண்கள் மட்டும் போகவில்லை. முழுதாக இல்லை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பார்ப்பதுபோல மங்கலாக. ஆனால் கண்தான். லென்சை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கருவிழியிலும் பாதி சாத்திய ஒரு வாசல் வெள்ளையாகத் தெரிந்தது. வாசலின் நடுவே ஒரு சின்னக் கரும்புள்ளி. அது நான். அவரைப் படம் எடுக்க வாசலில் நின்றுகொண்டிருந்த நான். லென்சைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பரைக் கழுவும் தண்ணீரில் போட்டேன்.

அந்தக் கண்களைத் தூரிகையால் அழித்திருக்கலாம். அதற்குள் அவர் வந்துவிட்டார். ஈரம் காயாத படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினேன்.

அவர் வட்டத்தைத் தொட வந்து, தொடாமல் கையை நிறுத்திக்கொண்டார். பிறகு அவர் முகம் மாறியது.

"தம்பி... கண்ணு தெரியுதுங்களே."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஐயா, அது உங்கள் கண். ஐந்து வார்த்தைகூட இல்லை.

"இப்படித்தானுங்க பார்ப்பா. நான் வாசிக்கறப்ப இமைக்க மாட்டா. இப்படியேதான் பார்ப்பா." மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு என் கடையில் நின்று அழுதார். "போட்டோவுக்குப் பயந்துட்டு செவுத்துக்குள்ள போய் ஒளிஞ்சுட்டு இருந்திருக்கறா, பாருங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். அது இரக்கமா கோழைத்தனமா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டும்தான். கோழைத்தனம் கொஞ்சம் கூடுதல்.

கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்து அவரே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனார். ஒரு மாதம் கழித்து நாதஸ்வரக்காரர் ஏதோ விலாசம் கேட்டு அனுப்பியதால் அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சாயங்காலம். பச்சைச் சுவரில், முன்பு வட்டம் இருந்த அதே இடத்தில், தரையிலிருந்து அதே உயரத்தில் படம் மாட்டியிருந்தது. எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் வாசித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு மல்லிகைச் சரம். கீழே ஒரு சின்ன விளக்கு. கண்ணாடியின் மேல், இரண்டு கண்களுக்கும் நடுவில், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது.

உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடுவதைவிட அபசகுனம் எங்கள் பக்கத்தில் வேறில்லை. விளையாட்டுக்குக்கூட யாரும் செய்ய மாட்டார்கள். ஸ்டுடியோவில் படத்தின் மேல் தவறி ஒரு பூ விழுந்தாலே பெரியவர்கள் எடுத்து எறிந்துவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசுவார்கள். இங்கே ஒரு மனிதர் தன் கையாலேயே தன் கண்ணுக்குப் பூச்சூட்டி, தனக்குத்தானே விளக்கேற்றி வைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் விலாசத்தைக் கேட்காமலே திரும்பி வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவளிடமும் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கே போய்ச் சொல்லிப்போடுங்க."

"சொன்னா அந்தம்மா படம் இல்லாமப் போயிருமே. அதோட அவரு மனசே உட்டுப்போகும்."

"சொல்லாட்டி? உசுரோட இருக்கறவருக்கு மாலை உழுந்துட்டே இருக்கட்டுமுங்களா? அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்பறம் நீங்க தூங்குவீங்களா?"

இரண்டு முறை போனேன். முதல் முறை அவர் வாசித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்தேன். இடையில் நிறுத்தி, படத்தைப் பார்த்து, "இந்த எடம் சரியா வரலை, இரு" என்று சொல்லிவிட்டு மறுபடி வாசித்தார். இரண்டாவது முறை மருமகள் உட்காரச் சொல்லி காப்பி கொடுத்தாள். "மாமா இப்பத்தானுங்க நல்லா சாப்பிடறாரு. படம் வந்ததுல இருந்து ஆளே தேறிட்டாரு. உங்களுக்குப் புண்ணியமுங்க" என்றாள். அந்தக் காப்பியைக் குடித்த பிறகு என்னால் என்ன சொல்ல முடியும்? அவர் என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தார். பாதி சாத்திய கதவருகில் நின்று என்னை நேராகப் பார்த்தார். அந்தக் கண்களைச் சந்திக்க முடியாமல் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். செருப்பு என் காலில்தான் இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். பஞ்சுத் தூசி அடைந்த நெஞ்சு, அதற்கு மேல் சளி. பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம். டாக்டர்கள் பல வருஷமாகச் சொல்லிவந்த நோய்தான், மாலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மனைவியும் அதையேதான் சொன்னாள். சொல்லும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மூத்த மகன் மொட்டைத் தலையோடு கடைக்கு வந்தான். அப்பா படம் ஒன்று பெரிதாக வேண்டும், அம்மா படம் என்ன அளவோ அதே அளவில் வேண்டும் என்றான். ஷோகேசைக் காட்டி, "இதாட்டமே டிசைன் போட்டுக் குடுத்துருங்க" என்றான். டிசைன் வேண்டாம், முகம் சுத்தமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வெறும் முக நெகடிவை மட்டும் என்லார்ஜரில் வைத்து அச்சிட்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு இசைக்காரரின் முகத்தின் மேல் எதையும் பூசாமல் போட்ட படம் அது. மருந்தில் முதலில் எழுந்து வந்தது கண்கள்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். இடதுபக்கம் அவர், தெளிவாக. வலதுபக்கம் சுவர். கூட்டத்தில் ஒரு மூலையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். ஒரே அளவுக் கண்கள், ஒரே பார்வை, ஒரே பாதி சாத்திய வாசல். ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. என் குட்டு உடைவதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன். உடைந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

மருமகள் கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தோடு வந்தாள். மாமியார் படத்துக்கு முதலில் வைத்தாள். பிறகு மாமனார் படத்தின் முன்னால் வந்தவள், விரலை உயர்த்தியபடி அப்படியே நின்றாள். இந்தப் படத்தைப் பார்த்தாள். அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்களேன்" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "அத்தைக்கும் மாமாவுக்கும் ஒரே கண்ணா இருக்குதுங்க."

ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். மகன் உற்றுப் பார்த்தான். பிறகு அவன் கண் கலங்கியது.

"ஒருத்தர ஒருத்தர் பார்த்துட்டே பொழச்சாங்கல்ல," என்றான். "அப்படி ஆயிருச்சு. ஏனுங்கண்ணா?"

என்னைத்தான் கேட்டான். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். படம் எடுத்தவன் நான்.

"ஆமாங்க," என்றேன்.

அவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து விழுந்து கும்பிட்டார்கள். எல்லாரும் வலதுபக்கப் படத்தில் அந்தக் கண்களையே பார்த்தார்கள். அதைச் சுற்றியிருந்த பெரிய வட்டத்தையும், கீழே இருந்த சின்ன வட்டத்தையும் ஒருவரும் பார்க்கவில்லை. தன்னைப் படம் எடுத்துவிடக் கூடாது என்று பொள்ளாச்சிக்கு ஓடிய அந்த அம்மாள், அங்கே தலையும் கொண்டையுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் குறுக்கே இருந்தார். அவருடைய கண்ணுக்குள், வாசலில், நான் நின்றுகொண்டிருந்தேன்.